ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி

மலாக்காவுக்குப் பக்கத்தில், ஆயர் குரோவில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பாலர் பள்ளி நடக்கிறது. நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. போன டிசம்பரில், கிறிஸ்மஸ் விடுமுறை விடுவதற்கு முதல் நாள், பிள்ளைகளின் கைவேலையைப் பார்க்க வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். போனேன். மேசை முழுக்கத் தட்டுகள். தட்டு நிறைய சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய அரிசி. நாலு வயதுப் பிள்ளைகள் அதற்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார்கள். பாதி தரையில் கிடந்தது.

"டீச்சர், ஒங்க காலத்துல இதெல்லாம் செஞ்சிருக்கீங்களா?" என்றாள்.

"செஞ்சேன். ஒரே ஒரு தடவ," என்றேன்.

அந்த ஒரு தடவையை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். விட்டபாடில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நல்ல ஆசிரியை. இப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடுதான் மல்லுக்கட்டினேன். பெரிய வகுப்பு எடுக்கிறவர்கள் எங்களைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், மத்தியானத்துக்குள் அவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பிறந்து வளர்ந்தது மலாக்கா டவுனில், தெங்கேராவில். அப்பா அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். ஏழாம் வகுப்பு முடித்ததும் ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டேன். சனி ஞாயிறுகளில் மலாக்காவில் பயிற்சி வகுப்பு, மற்ற நாளில் பள்ளியில் வேலை என்று ஓடியது. பயிற்சியில் கற்றது பாதி, பிள்ளைகளிடம் கற்றது பாதி. அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பத்தொன்பது வயதில் என்னைப் புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்குப் போட்டார்கள். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசர காலம் உச்சத்தில் இருந்த சமயம். புலாவ் செபாங் டவுனில், ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், என் சித்தி வீடு இருந்தது. அங்கே தங்கி, காலையில் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போவேன். அம்மா அழுதாள். அப்பா, "ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு, அப்புறம் மாத்தல் கேட்டுக்கலாம்," என்றார்.

தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே ஒரு கேட். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, விடியுமுன் ரப்பர் பாலுக்காக மரப்பட்டையைச் சீவ, அதாவது மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு பருக்கை சோறு வெளியே போகக் கூடாது. பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின்னைக் காட்டில் சேர்த்து வைக்க முடியாதல்லவா. எங்கள் பள்ளி வேலிக்கு வெளியே, ரப்பர் ஷீட் புகை போடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே நான் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை. பிள்ளைகள்தான் அதைத் தாண்டி வருவார்கள். பிள்ளைகளை யாரும் சோதிப்பதில்லை.

தலைமையாசிரியர் பெயர் தங்கையா. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை அவர் பார்த்துக்கொள்வார். ஒன்றும் இரண்டும் எனக்கு. அவ்வளவுதான் பள்ளிக்கூடம். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆறு வயதுப் பையனைக்கூட "வாங்க, உட்காருங்க" என்றுதான் சொல்வார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கவனித்தேன், அவர் அப்படிச் சொன்னால் எந்தப் பயலும் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்தான்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரத்துப் பாடக் குறிப்பை எழுதி அவர் மேசையில் வைக்க வேண்டும். எந்தப் பாடம், எத்தனை நிமிடம், என்ன பொருள் வேண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். சிவப்பு மையில் ஒரு சரி போட்டு, அடியில் கையெழுத்து வைத்து, நோட்டை என் பக்கம் தள்ளி, "பார்த்தேன்," என்பார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், மோசம் என்றும் சொல்ல மாட்டார். அந்த "பார்த்தேன்" எனக்கு வாரக் கடைசி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன பொருள் கிடைக்குமோ அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். எழுத்துக்கு மணல். கணக்குக்கு ரப்பர் கொட்டை. காகிதம் ஒட்ட, மரத்தடிக் கோப்பையில் மிஞ்சிய ரப்பர் பால். அந்தப் பசைக்கு ஈடாக இன்றைக்கு வரைக்கும் கடையில் ஒன்று நான் வாங்கினதில்லை. ஒட்டினால் ஒட்டினதுதான், பிள்ளைகளின் விரலையும் சேர்த்து.

ஒன்றாம் வகுப்பில் பாக்கியம் என்று ஒரு பெண். முன் வரிசை. மூன்று மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். அடித்தால் பேசுவாள் என்று எனக்குச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ரப்பர் கொட்டைகளைப் பத்துப் பத்தாக எண்ணி எல்லோருக்கும் கொடுப்பது. தினமும் செய்தாள், பேசாமலே. ஒரு நாள் நான் எண்ணி வைத்த குவியலைப் பார்த்து, "டீச்சர், பத்து இல்ல, ஒம்போதுதான் இருக்கு," என்றாள். அவள் பள்ளியில் பேசின முதல் வார்த்தையே எனக்குத் திருத்தம். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை வேறு எந்தப் பிள்ளையிடமும் பட்டதில்லை.

இவ்வளவும் சொன்னது என் பெருமைக்காகத்தான். இனிமேல் வருவது பெருமைக்குரியது அல்ல.

வருடக் கடைசியில், கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பள்ளி மூடுகிற வெள்ளிக்கிழமை, தோட்டத்துத் துரையும் அவர் மனைவி துரைசானியும் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளைகள் இரண்டு பாட்டுப் பாட வேண்டும். துரைசானி மிட்டாயும் பென்சிலும் கொடுப்பார். பதிலுக்கு ஒவ்வொரு வகுப்பும் கையால் செய்த ஏதாவது ஒன்றை அவருக்குக் கொடுப்பது வழக்கம். என் முதல் வருடம் அது. அசத்திவிட வேண்டும் என்று இருந்தேன். பயிற்சி வகுப்பில் ஒரு நட்சத்திரம் செய்து காட்டியிருந்தார்கள். அட்டையை வெட்டி, பசை தடவி, அதன்மேல் அரிசியை வரிசை வரிசையாக ஒட்டுவது. நட்சத்திரத்தின் ஒரு கைக்குப் பத்து என்று எண்ணி ஒட்டினால் கணக்கும் ஆச்சு, கைவேலையும் ஆச்சு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாடக் குறிப்பில் எழுதினேன்: திங்கள், கைவேலை, நாற்பது நிமிடம், நட்சத்திரம். பொருள்: அட்டை, ரப்பர் பால், அரிசி ஆளுக்கு ஒரு கைப்பிடி. தங்கையா சார் படித்தார். சரி போட்டார். "பார்த்தேன்," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளிடம், "திங்கக்கெழம எல்லாரும் ஒரு கைப்பிடி அரிசி கொண்டாரணும், மறந்தீங்க, பாருங்க," என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினேன்.

சட்டம் எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மரம் வெட்டுகிறவர்களுக்கு, காட்டுக்கு. ஒரு பிள்ளையின் கைப்பிடி அரிசிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று என் புத்திக்கு எட்டவில்லை. டவுனில் சித்தி சமைத்துப் போட்டதைத் தின்றுவிட்டு பஸ் ஏறி வந்தவளுக்கு எப்படி எட்டும்.

திங்கட்கிழமை காலை, அட்டைகளை வெட்டி அடுக்கிவிட்டு, "அரிசிய எடுங்க," என்றேன். ஒருவரும் அசையவில்லை. முப்பது பேர், ஒரு மணி அரிசி இல்லை. தோட்டத்துப் பெற்றோர் விவரம் தெரிந்தவர்கள். டவுன் டீச்சர் ஏதோ தெரியாமல் கேட்கிறாள் என்று பேசாமல் வெறுங்கையாக அனுப்பிவிட்டார்கள். அதை எனக்கு எடுத்துச் சொல்லத்தான் யாரும் வரவில்லை. அதுவும் என் தவறுதான். அப்படி வந்து சொல்லும்படி நான் யாரிடமும் பழகியிருக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டினேன். சொன்ன சொல்லுக்கு மரியாதை இல்லையா, ஒரு கைப்பிடி அரிசிக்கா உங்கள் வீட்டில் பஞ்சம் என்றெல்லாம் கேட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றைக்கு எழுதவே கை கூசுகிறது. முன் வரிசையில் பாக்கியம் தலையைக் குனிந்தபடி இருந்தாள். வலது கையை இறுக்கி மூடி மடியில் வைத்திருந்தாள்.

"கையில என்ன? காட்டு," என்றேன்.

மெதுவாகத் திறந்தாள். மண் ஒட்டின ஏழெட்டு அரிசி, வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ்ளோதான் இருக்கு டீச்சர்," என்றாள்.

பக்கத்தில் இருந்த லெட்சுமி என்ற பெண் அப்போதுதான் சொன்னாள். "டீச்சர், இவ டின்னு நெறய அரிசி கொண்டாந்தா. கேட்டுல புடுங்கிட்டாங்க. இவங்கம்மாவ போலீஸ் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க."

நடந்தது இதுதான். பாக்கியத்தின் அம்மா அஞ்சலை ஒருத்திதான் டீச்சர் சொன்னதை அப்படியே கேட்டவள். மற்ற வீடுகளில் கொடுக்க மாட்டார்கள், பிள்ளைகளுக்குப் போதாமல் போகும் என்று நினைத்து, கைப்பிடிக்குப் பதில் ஒரு பால் டின் நிறையப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் போட்ட ஓட்டை அந்த டின்னின் அடியில் இருந்தது. அதில் பழைய துணியைத் திணித்திருக்கிறாள். நடக்க நடக்கத் துணி கழன்று, கேட்டுக்கு வரும்போது அரிசி கோடு போட்ட மாதிரி வழியெல்லாம் சிந்தியிருக்கிறது. வழக்கமாக நிற்கிற காவலர்கள் என்றால் அதட்டி விட்டிருப்பார்கள். அன்றைக்கு வெளியூரிலிருந்து புதிய படை வந்திருந்தது. பிள்ளைகளை வைத்து அரிசி கடத்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. மரம் வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலையைக் கையில் இருந்த கத்தியோடு கூட்டிப் போய்விட்டார்கள். காட்டுக்குச் சாப்பாடு கொடுத்தாள் என்று முடிவாகிவிட்டால் வருடக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்கள், அந்தக் காலத்தில். புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவன். பாக்கியத்துக்கு அவளைத் தவிர யாரும் இல்லை.

நான் தங்கையா சார் வகுப்புக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். என் பாடக் குறிப்பு நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் புரட்டி வெகுநேரம் பார்த்தார்.

"தலைப்பப் பார்த்தேன், நேரத்தப் பார்த்தேன். அரிசிங்கிறதப் படிச்சேன், ஆனா பார்க்கல," என்றார். பிறகு, "டீச்சர், ஒண்ணு யோசிச்சுக்குங்க. நீங்கதான் கேட்டீங்கன்னு சொன்னா ஒங்களயும் விசாரிப்பாங்க. வேலையும் போகலாம். வரீங்களா?"

"வரேன் சார்."

"சரி. வாங்க."

பள்ளியைப் பெரிய வகுப்புச் சட்டாம்பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, தோட்டத்துச் சாமான் லாரியில் ஏறி அலோர் காஜா போலீஸ் நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் நான் மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். தெங்கேராவில் வளர்ந்ததால் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு அது உதவும் என்று நம்பினேன்.

மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். பொறுமையானவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த தாளைத் தட்டி, "அந்த அம்மா, பிள்ளைக்குப் பசிக்கும் என்று தானாகவே கொடுத்ததாகச் சொல்கிறாள். டீச்சர் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. நான் யாரை நம்புவது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அஞ்சலை ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? கொண்டுபோயிருந்த ஒரு நட்சத்திர அட்டையை எடுத்து, பறிமுதல் செய்த அரிசியிலிருந்து பத்து மணியைக் கேட்டு வாங்கி, அவர் மேசையிலேயே அடுக்கிக் காட்டினேன். "ஒரு கைக்குப் பத்து. ஐந்து கை. பிள்ளைகள் ஐம்பது வரை எண்ணப் பழகுவார்கள்," என்றேன்.

அவர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். "கல்லில் எண்ணலாமே. தோட்டம் முழுக்க ரப்பர் கொட்டை கிடக்கிறதே. ஏன் பெராஸ்?" என்றார். அரிசிக்கு மலாய்ச் சொல் அது.

ஆறு மாதமாக ரப்பர் கொட்டையில்தான் எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். துரைசானி முன்னால் கொட்டை நன்றாக இருக்காது, அரிசிதான் வெள்ளையாக அழகாக இருக்கும் என்று நினைத்தேன். இதுதான் உண்மை. சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அவமானமாக இருந்தது.

தங்கையா சார் முன்னால் வந்தார். பாடக் குறிப்பை விரித்து இன்ஸ்பெக்டர் முன் வைத்து, சிவப்புக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, "இது என்னுடையது. இந்த டீச்சர் பெயரை எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டும். முதலில் என் பெயர்," என்றார்.

இருவரும் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தோம். இருந்தாலும் அஞ்சலையை உடனே விடவில்லை. மேலதிகாரி மலாக்காவிலிருந்து வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் பாக்கியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். அவள் பள்ளிக்கு வந்தாள், ரப்பர் கொட்டையை எண்ணினாள், யாரோடும் பேசவில்லை. அந்தப் பழைய மௌனத்துக்கே போய்விட்டாள். நான் வகுப்பு முன்னால் நின்று, "நான் கேட்டதுதான் தப்பு, ஒங்களத் திட்டினது அதவிடத் தப்பு," என்று சொன்னேன். பிள்ளைகள் விழித்தார்கள். டீச்சர் தப்பு செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள்.

தங்கையா சார் பள்ளிப் பதிவேட்டில் எழுதியது எனக்கு மனப்பாடம்: "ஒன்றாம் வகுப்புக் கைவேலைக்கு அரிசி கேட்டதில் பெரும் பிழை நேர்ந்தது. பிழை தலைமையாசிரியருடையது, அடுத்து ஆசிரியையுடையது. பெற்றோர் மீது பிழை ஏதும் இல்லை."

புதன்கிழமை பின்னேரம் அஞ்சலையை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நான் முதல் முறையாக அந்த கேட்டுக்குள் போனேன். என் பையையும் சோதித்தார்கள். அஞ்சலை வீட்டு வாசலில் பாக்கியத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"அக்கா, என் பேர ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்களயும்ல கொண்டு போயிருப்பாங்க."

"கொண்டு போகட்டுமே. தப்பு செஞ்சது நான்தானே."

அவள் சீப்பில் சிக்கின முடியை எடுத்துக்கொண்டே பேசினாள். "ஒங்களுக்கு முன்னால மூணு டீச்சரு வந்தாங்க. ஒருத்தரு ஆறு மாசம், ஒருத்தரு நாலு மாசம். இன்னொருத்தரு மொகத்தகூட நான் சரியா பாக்கல. வேலி, போலீசு, துப்பாக்கின்னு பயந்துகிட்டு டவுனுக்கே போயிட்டாங்க. நான் ரெண்டு நாளு வரலன்னா என் மரத்த வேற யாராச்சும் வெட்டிருவாங்க. நீங்க போயிட்டா இவளுக்கு யாரு டீச்சர் வருவா? இப்பதானே வாயத் தொறந்திருக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதை அரிசி விஷயத்துக்கான அழுகை என்று நினைத்து, "போவட்டும், விடுங்க," என்று சமாதானம் சொன்னாள். விஷயம் அதுவல்ல. அப்பா சொன்னபடி நான் ஆகஸ்டிலேயே மாற்றல் கேட்டு எழுதியிருந்தேன். ஜனவரியிலிருந்து தெங்கேராவுக்கே மாற்றல் என்று கடிதம் அதற்கு முந்தின சனிக்கிழமைதான் சித்தி வீட்டுக்கு வந்திருந்தது. அம்மாவுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. தோட்டத்தில் தங்கையா சாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை துரையும் துரைசானியும் வந்தார்கள். அரிசிக்குப் பதில் லாலாங் புல்லின் வெள்ளைப் பூவைப் பறித்து வந்து ரப்பர் பாலில் ஒட்டி நட்சத்திரம் செய்திருந்தோம். பஞ்சு மாதிரி, தொட்டால் பறந்தது. துரைசானி தும்மினார், ஆனால் சந்தோஷப்பட்டார். பாக்கியம் போய்க் கொடுத்தாள். பாட்டும் நன்றாகத்தான் பாடினார்கள். இரண்டாம் பாட்டை மட்டும் பாதியில் மறந்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து, பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற நேரம் அஞ்சலை என்னிடம் வந்தாள். "ஜனவரியில என்னைக்கு டீச்சர் பள்ளிக்கூடம் தொறக்குது? இவ இப்பவே கேக்குறா."

நாளைச் சொன்னேன். "ஏழர மணிக்குக் கொண்டாந்து விடுங்கக்கா. நான் முன்னாலயே வந்துருப்பேன்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனாள். நான் திரும்பி தங்கையா சாரின் அறைக்குப் போய், ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நின்றபடியே மாற்றல் வேண்டாம் என்று நாலு வரி எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

அம்மா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அந்தத் தோட்டத்தில் இன்னும் ஐந்து வருடம் இருந்தேன். பாக்கியம் ஆறாம் வகுப்பு முடித்துப் போகும்வரை இருந்தேன். அஞ்சலையிடம் அந்த மாற்றல் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், எந்த டீச்சர் போய்விடக் கூடாது என்று அவள் இரண்டு நாள் உள்ளே இருந்தாளோ, அந்த டீச்சர் அப்போது பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.